சைகைக்குச் சாட்சி யார்?

2012 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கை முடித்துவைத்தது. ராஜஸ்தான் அரசு செய்த மேல்முறையீடு அது. எதிர்த்தரப்பில் தர்ஷன் சிங். கொலையுண்டவரின் மனைவிதான் முதன்மைச் சாட்சி. அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவர் கைகளால் சொன்னதைச் சொற்களாக்கித் தந்தவர் அவருடைய தந்தை. விசாரணை நீதிமன்றம் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, அந்த விடுதலையை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. தந்தை வழக்கில் அக்கறை உடையவர், புலன்விசாரணையிலும் வழக்கு நடந்தபோதும் கூடவே இருந்து உதவியவர், பெயர்ப்பாளராக நின்றபோது அவருக்குச் சத்தியப் பிரமாணமும் செய்துவைக்கப்படவில்லை. ஆகவே அவர் வழியாக வந்த சாட்சியத்தை நம்ப இயலாது என்றார்கள் நீதிபதிகள். காதுகேளாதவர் சாட்சி சொல்லத் தகுதி உடையவரே என்பதை அந்தத் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. பெயர்ப்பாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது: சாட்சி வாழும் அதே சூழலைச் சேர்ந்தவர், வழக்கில் எந்த ஆதாயமும் இல்லாதவர், பிரமாணம் எடுத்துக்கொண்டவர். நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் இவற்றை இரண்டாவது முறை படிக்கும்போது ஒரு வெற்றிடம் கண்ணில் படுகிறது. அவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும், தெரியும் என்பதை யாரேனும் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த வெற்றிடம் இன்னும் நிரப்பப்படவில்லை. நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் காதுகேளாதவரின் வாயாகவும் செவியாகவும் நிற்பவர், அந்த வேலைக்கெனத் தேர்வு எழுதித் தேறியவராக இருக்க வேண்டும். அந்தத் தேர்வில் மதிப்பெண் போடுபவர்களில் காதுகேளாதோர் இருக்க வேண்டும். கொடுத்த சான்றைத் திரும்பப் பெறும் வழியும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் வெறும் காகிதமாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பயிற்சி பெற்றவர்களே அருகிப்போன ஒரு நாட்டில் இப்படிக் கேட்பது பேராசை என்று பலருக்குத் தோன்றும். அந்த எதிர்ப்புக்கு வலு உண்டு; அதைப் பின்னர் பார்க்கலாம். முதலில், இந்தத் தொழிலுக்கு மட்டும் சான்று ஏன் இத்தனை முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தச்சர் செய்த நாற்காலி ஆடினால் உட்கார்ந்த உடனே தெரிந்துவிடும். தையற்காரர் அளவில் பிழை செய்தால் சட்டையைப் போட்டதும் தெரியும். பெயர்ப்பாளரின் பிழை அப்படித் தெரிவதில்லை. நீதிபதிக்குச் சைகைமொழி தெரியாது. தெரிந்திருந்தால் பெயர்ப்பாளரே தேவைப்பட்டிருக்க மாட்டார். காதுகேளாத சாட்சிக்கோ தன் கைகள் சொன்னது என்ன தமிழாக, என்ன ஆங்கிலமாக அந்த அறையில் ஒலித்தது என்று தெரியாது. மூன்றாமவரான பெயர்ப்பாளருக்காவது தன் பிழை தெரியுமா? பேச்சுமொழிப் பெயர்ப்பாளர்களைக் கொண்டு 1998-இல் பார்பரா மோசர்-மெர்சரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. இடைவெளியின்றி நெடுநேரம் வேலை செய்தவர்களின் பெயர்ப்பு தரம் குன்றிக்கொண்டே போனது. தரம் குன்றுகிறது என்பதை அவர்கள் தாங்களே உணரவில்லை. உலகெங்கும் நீண்ட அமர்வுகளுக்குப் பெயர்ப்பாளர்களை இருவர் இருவராக அமர்த்தி, இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வழக்கம் களைப்பை அஞ்சி ஏற்பட்டது. ஆக, அறையில் மூவர் இருக்கிறார்கள், பிழையை அறியக்கூடியவர் ஒருவரும் இல்லை. அறைக்குள் செய்ய முடியாத சோதனையை அறைக்கு வெளியே, முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியிருக்கிறது. சான்று என்ற ஏற்பாடு பிறந்த இடம் அதுதான்.

இந்த நிலை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2013 டிசம்பர் 10 அன்று உலகமே பார்த்தது. நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டம், சோவெட்டோவின் விளையாட்டரங்கம், மேடையில் அமெரிக்க அதிபர் ஒபாமா உள்ளிட்ட தலைவர்கள். அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒருவர் மணிக்கணக்கில் கைகளை அசைத்துக்கொண்டிருந்தார். அந்த அசைவுகளுக்குப் பொருளே இல்லை என்பது மேடையில் இருந்த எவருக்கும் தெரியவில்லை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த காதுகேளாதோருக்கு முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் காதுகேளாத உறுப்பினர் வில்மா நியூஹௌட்-ட்ரூகன் கூட்டம் நடக்கும்போதே அதைப் பொதுவெளியில் சொன்னார். அதே ஆள் முன்பு ஆளுங்கட்சியின் நிகழ்ச்சியில் செய்த பெயர்ப்பைப் பற்றிக் காதுகேளாதோர் கூட்டமைப்பு புகார் அளித்திருந்ததும், அதற்குப் பதில் வராததும் பின்னர் வெளிவந்தன. புகாரைப் பெற்று விசாரித்து அந்த ஆளை மேடையேறாமல் தடுக்கும் அதிகாரம் கொண்ட பதிவேடு எதுவும் அன்று அங்கே இருக்கவில்லை. மொழித் தொழிலர்களுக்கான பேரவையை நிறுவும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 2014-இல் கொண்டுவந்தது. 2023-இல் தன் சைகைமொழியை நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாக்கியது.

மேடையில் பொருளற்ற அசைவு நடந்தால் அது செய்தியாகிவிடுகிறது. பாதி தெரிந்தவரின் பிழை செய்தியாவதில்லை, அதுதான் ஆபத்தானது. இந்தியச் சைகைமொழியிலிருந்தே பார்க்கலாம். 'கொடு' என்ற வினையைக் காட்டும் கை, கொடுப்பவருக்கென்று காற்றில் ஒதுக்கிய இடத்திலிருந்து பெறுபவருக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு நகர்கிறது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைத் தனிச் சொல் சொல்வதில்லை, கையின் திசை சொல்கிறது. நமக்கு வேற்றுமை உருபு செய்யும் வேலையை அங்கே வெளி செய்கிறது. இரண்டு பேருக்கு இடம் ஒதுக்கியதைக் கவனிக்கத் தவறிய பெயர்ப்பாளர், பணம் வாங்கியவரைக் கொடுத்தவர் ஆக்கிவிடுவார். கேட்பவர் காதில் அது இலக்கணப் பிழையில்லாத நல்ல தமிழ் வாக்கியமாகவே விழும். வினாச்சொற்களைப் பாருங்கள். இந்தியத் துணைக்கண்டத்துச் சைகைமொழியை விரிவாக ஆராய்ந்த உல்ரிகே ஸேஷான், அதில் அடிப்படை வினாக்குறி ஒன்றே ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார். முகம் என்ற குறியோடு அது சேர்ந்தால் 'யார்', இடம் என்ற குறியோடு சேர்ந்தால் 'எங்கே'. முன்னால் வரும் குறி வேகத்தில் தேய்ந்துவிட்டாலோ, பெயர்ப்பாளர் அதை விட்டுவிட்டாலோ, யார் என்ற கேள்வி என்ன என்று மாறிப்போகும்.

தலையசைப்பு இதைவிட நுட்பமானது. காதுகேளாதவர் ஒருவர் எதிரில் இருப்பவரின் கைகளைப் பார்த்துக்கொண்டே தலையை மெல்ல அசைப்பார். 'பார்க்கிறேன், தொடருங்கள்' என்பது அதன் பொருள். பேச்சில் நாம் போடும் 'ம்' அது. காவல் நிலையத்தில், 'நீதானே அந்த வீட்டுக்குள் போனாய்' என்ற கேள்வி சைகையாக வந்துகொண்டிருக்கும்போது விழும் அந்தத் தலையசைப்பை, பழக்கமில்லாத ஒருவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால், வாக்குமூலத்தில் அது ஒப்புதலாக ஏறிவிடும். எதிர்மறைக் கேள்வி வந்தால் குழப்பம் இரட்டிக்கும்: 'நீ அவரைப் பார்க்கவில்லையா?' என்பதற்குத் தமிழில் 'ஆமாம்' என்றாலே இரு பொருள் உண்டு. குறுக்கு விசாரணை என்பதே இத்தகைய கேள்விகளால் ஆனது. நல்லெண்ணத்தாலோ நெருங்கிய உறவாலோ இந்தத் திறமை வந்துவிடாது. பயிற்சியால் வரும், வந்திருக்கிறதா என்பதைத் தேர்வால் அறியலாம்.

இப்போது நம் சட்டங்களுக்கு வருவோம். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு 2013-இல் திருத்தப்பட்டது. வாய்மொழியாகத் தெரிவிக்க இயலாத சாட்சியின் வாக்குமூலத்தைப் பெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியோடு பதிவுசெய்ய வேண்டும், அதைக் காணொளியாகவும் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. 2023-இல் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 125-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெயர்ப்பாளர் என்றால் யார் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் விதிகளை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். அங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பெயர்ப்பாளர்களின் பதிவேடு வைத்திருக்க வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளர் பல்கலைக்கழகத்திலோ இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்திலோ தகுதி பெற்றிருக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணின் வாக்குமூலத்துக்குத் தகுதியுள்ள பெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாடு, பத்தொன்பது வயதில் அவளே சாட்சிக்கூண்டில் ஏறும்போது யார் வந்தாலும் சரி என்று விட்டுவிடுகிறது. இதற்கு எந்தக் கொள்கை விளக்கமும் எனக்குப் புலப்படவில்லை; கவனக்குறைவு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

'அல்லது சிறப்புக் கல்வியாளர்' என்ற தொடரில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. காதுகேளாக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரும் சைகைமொழி பெயர்ப்பாளரும் ஒருவருக்கு ஒருவர் மாற்று என்று சட்டம் எண்ணுகிறது. நம் நாட்டில் காதுகேளாதோர் கல்வி நெடுங்காலம் உதட்டசைவைப் படிக்கவும் பேசவும் பழக்கும் வாய்மொழி முறையில்தான் நடந்தது. பல பள்ளிகளில் சைகைக்குத் தடையே இருந்தது. அந்த மரபில் பயின்ற ஆசிரியர் பேச்சுமொழியைப் பேசிக்கொண்டே அதன் சொல் வரிசையில் சில குறிகளைச் சேர்த்துக் காட்டுவார். வகுப்பறையில் அதற்குப் பயன் இருக்கலாம். அது இந்தியச் சைகைமொழி ஆகாது. 1978-இல் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட், கிர்க் வில்சன் ஆகியோர் இந்திய நகரங்களின் காதுகேளாதோரிடையே செய்த ஆய்வு, தனக்கென அமைப்பும் வட்டார வேறுபாடுகளும் கொண்ட மொழி ஒன்று இங்கே வழங்குகிறது என்று காட்டியது. வசிஷ்டாவே காதுகேளாதவர். அந்த மொழியைப் பள்ளியில் கற்காதவரும் கற்பிக்காதவருமான ஒரு ஆசிரியரை, ஆசிரியர் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றத்தில் அதன் பெயர்ப்பாளராக நிறுத்துவது முறையாகாது.

சான்று தரும் ஏற்பாடே இந்தியாவில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், இந்தியச் சைகைமொழி பெயர்ப்புக்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை அங்கீகரிக்கிறது; பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் சேரலாம். தேறியவரின் பெயர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் ஏறுகிறது. 2015 செப்டம்பரில் தில்லியில் தொடங்கிய இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இந்தப் படிப்பை நடத்துவதோடு சைகைமொழி அகராதியையும் உருவாக்கியது: 2018-இல் 3,000 சொற்கள், 2021-க்குள் 10,000 சொற்கள், சட்டம், மருத்துவம் சார்ந்த சொற்களும் அதில் உண்டு. அடித்தளம் இருக்கிறது. குறை எங்கே என்றால், ஒரே ஒரு பட்டயம் எல்லா வேலைக்கும் போதும் என்று வைத்திருப்பதில். இருபது வயதில் பட்டயம் முடித்தவரும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் பதிவேட்டில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கல்லூரி விழாவுக்குப் போகத் தகுந்தவர் கொலை வழக்குக்குப் போகத் தகுந்தவரா என்பதைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பிசியோதெரபி போன்ற சிகிச்சைத் துறைகளுக்கு அண்டைவீட்டுக்காரர்களான தொழில்களை ஆளும் அமைப்பின் கீழ் ஒரு மொழித் தொழிலை வைத்திருப்பதே, சைகைமொழியை உடற்குறைக்கான சாதனமாகப் பார்க்கும் பழைய எண்ணத்தின் எச்சம். தமிழ்-ஆங்கிலப் பெயர்ப்பாளரை நாம் எந்த மறுவாழ்வுப் பதிவேட்டிலும் சேர்ப்பதில்லை.

இந்தப் பாதையில் அமெரிக்கா நமக்குப் பல பத்தாண்டுகள் முன்னே போயிருக்கிறது. அது இடறிய இடங்களும் நமக்குப் பாடம். 1964 ஜூனில் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் கூடிய ஒரு பயிலரங்கில் பிறந்தது காதுகேளாதோருக்கான பெயர்ப்பாளர் பதிவேடு. அதுவரை இந்த வேலையைச் செய்தவர்கள் பாதிரியார்கள், ஆசிரியர்கள், காதுகேளாத பெற்றோரின் பிள்ளைகள். பெரும்பாலும் கூலி இல்லாமல், உபகாரமாக. முதல் ஆண்டுகளில் பதிவேட்டில் சேர, ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் பரிந்துரைத்தால் போதும். முறையான தேர்வு 1972-இல்தான் தொடங்கியது. மதிப்பீட்டுக் குழுக்களில் காதுகேளாதோர் அமர்ந்தார்கள். நீதிமன்ற வேலைக்குத் தனிச் சிறப்புச் சான்றும் உருவானது. பின்னர் 2012 முதல், தேர்வு எழுத விரும்பும் கேட்கும் திறனுள்ளவர்களுக்கு இளங்கலைப் பட்டம் கட்டாயமாக்கப்பட்டது. 2016-இல் நீதிமன்றச் சிறப்புச் சான்றுக்கான தேர்வு நிறுத்திவைக்கப்பட்டது. மிகவும் தேவையான சான்றுக்குப் புதியவர்கள் போகும் கதவு அடைபட்டது. தேர்வு நடத்துவதற்குப் பணமும் ஆளும் தொடர்ந்து வேண்டும் என்பதையும், ஒரு தனியார் சங்கத்தின் தோளில் மட்டும் அந்தச் சுமையை ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கக்கூடாது என்பதையும் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சான்று எதற்கு, 'தகுதியானவர்' என்று சட்டத்தில் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அப்படித்தான் செய்தது. திறம்பட, துல்லியமாக, நடுநிலையோடு, இரு திசையிலும் பெயர்க்க வல்லவரே தகுதியான பெயர்ப்பாளர் என்பது அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின் வரையறை, சான்றிதழை அவை கட்டாயமாக்கவில்லை. அழகான வரையறை. அதை யார் பொருத்திப் பார்ப்பது? 2017 செப்டம்பரில் இர்மா புயல் நெருங்கியபோது ஃபுளோரிடாவின் மனாட்டி கவுண்டியில் மக்களை வெளியேறச் சொல்லும் அவசர அறிவிப்புக்கு, ஓரளவு சைகை தெரிந்த ஊழியர் ஒருவரை அதிகாரிகள் பக்கத்தில் நிறுத்தினார்கள். பார்த்த காதுகேளாதோருக்குத் தெரிந்தது பீட்சா, கரடி, பூதம் என்று தொடர்பற்ற குறிகள். உயிர் காக்கும் அறிவிப்பு அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதிகாரிகளுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. சைகை அறியாத ஒருவர் சைகைப் பெயர்ப்பாளரின் தகுதியை எப்படி எடைபோடுவார் என்பதே கேள்வி. வரையறையைக் கையில் கொடுத்துவிட்டுத் தராசைக் கொடுக்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

தராசு காதுகேளாதோர் கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது உரிமைப் பேச்சு மட்டும் இல்லை. அளவையியல் காரணமும் உண்டு. பெயர்ப்பில் இரண்டு திசைகள் இருக்கின்றன. சைகையைத் தமிழாக்கும்போது பிழையைத் தமிழ் அறிந்த தேர்வாளர் ஓரளவு பிடித்துவிடலாம். தமிழைச் சைகையாக்கும்போது அது புரியும்படி இருந்ததா, பேச்சுமொழியின் எலும்புக்கூட்டில் குறிகளைத் தொங்கவிட்டதாக இருந்ததா என்பதைச் சைகைமொழியைத் தாய்மொழியாக உடையவர்தான் சொல்ல முடியும். தேர்வுக்கு வேண்டிய காதுகேளாத மதிப்பீட்டாளர்களை எங்கே தேடுவது என்ற தவிப்பும் நமக்கு வேண்டியதில்லை. இந்தியச் சைகைமொழியைக் கற்பிப்பதற்கான பட்டயப் படிப்பு காதுகேளாதோருக்கென்றே நடத்தப்படுகிறது. அதை முடித்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். தங்கள் மொழியைப் பிறருக்குக் கற்பிக்கத் தகுதியுள்ளவர் என்று அரசே சான்று கொடுத்தவர்கள், அந்த மொழியை இன்னொருவர் எப்படிக் கையாளுகிறார் என்று மதிப்பிடவும் தகுதியுள்ளவர்களே.

இனி, தள்ளிவைத்த எதிர்ப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்டல் குறையுடையோராகப் பதிவானவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 2.2 லட்சம். பயிற்சி பெற்ற பெயர்ப்பாளர்களோ நாடு முழுவதற்கும் நூற்றுக்கணக்கில்தான். சான்று இருந்தால்தான் பெயர்க்கலாம் என்று கதவைச் சாத்தினால், தேனியிலோ தர்மபுரியிலோ ஒரு காவல் நிலையத்தில் நிற்கும் காதுகேளாதவருக்கு அரைகுறைப் பெயர்ப்பும் கிடைக்காமல் போகாதா? போகும், ஒரே நாளில் எல்லா இடத்திலும் கட்டாயமாக்கினால். நான் கேட்பது படிநிலை. வங்கியிலும் பள்ளிக் கூட்டத்திலும் தொடக்கநிலைச் சான்று உள்ளவர் போதும். ஒருவரின் சுதந்திரமோ உயிரோ பணயமாகும் இடங்களான குற்றவியல் நீதிமன்றம், காவல் விசாரணை, அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல், மனநல மருத்துவம் ஆகியவற்றுக்கு மேல்நிலைச் சான்று வேண்டும். மேல்நிலைப் பெயர்ப்பாளர் மாவட்டத்தில் இல்லாவிட்டால் காணொளி வழியாக வரலாம். 2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் காணொளி வழியே வாதிட்டபோது பெயர்ப்பாளரும் திரையில்தான் தோன்றினார்; நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பற்றாக்குறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சான்று கேட்காத சந்தையில் இரண்டாண்டு படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே கூலி. அப்படியிருக்க யார் படிக்க வருவார்கள்? சான்றைக் கட்டாயமாக்கி, அதற்கு ஏற்ற கட்டணத்தை அரசே நிர்ணயித்தால் ஆட்கள் வருவார்கள். தரத்தைத் தளர்த்திக்கொண்டே போவதும் பற்றாக்குறைக்கு ஒரு காரணம்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிட ஆழமானது. சான்று பெற்றவர் அறிந்தது நகரங்களில் வழங்கும் இந்தியச் சைகைமொழி. பள்ளியையே பார்க்காத, வேறு காதுகேளாதவரைச் சந்தித்தே இராத கிராமத்துப் பெண் பேசுவது வீட்டுச் சைகை. அவளுக்கும் அவள் தாய்க்கும் அக்கம்பக்கத்தார் சிலருக்கும் மட்டுமே தெரிந்தது. 'அதே சூழலைச் சேர்ந்தவர்' என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இவர்களை மனதில் வைத்துத்தான் இருக்க வேண்டும். அந்தச் சொற்களில் உண்மையான அனுபவ ஞானம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட விரும்பவில்லை. ஆனால் அதே சூழலைச் சேர்ந்தவரை மட்டும் நம்பினால் என்னவாகும்? ஊரில் நடந்த குற்றத்துக்கு ஊராரே பெயர்ப்பாளர் ஆவார்கள். குற்றம் வீட்டுக்குள் நடந்திருந்தால் வீட்டாரே ஆவார்கள். ஆதாயமற்றவர் என்ற இரண்டாவது நிபந்தனையை முதல் நிபந்தனையே உடைத்துவிடும். இதற்கு உலகின் பல நாடுகள் கண்டுபிடித்த வழி, காதுகேளாத பெயர்ப்பாளர். பல வகையான காதுகேளாதோரோடு வாழ்நாளெல்லாம் பழகிய, தானும் காதுகேளாதவரான ஒருவர், சாட்சியின் எதிரில் அமர்ந்து, பொருள்களைக் காட்டியும் நடித்தும் படம் வரைந்தும் அவளுடைய வீட்டுச் சைகையை மெல்லப் பிடித்துக்கொள்கிறார். பிடித்ததை அவர் இந்தியச் சைகைமொழியில் சொல்ல, கேட்கும் பெயர்ப்பாளர் அதைத் தமிழாக்குகிறார். நேரம் இரட்டிப்பாகும், செலவும் இரட்டிப்பாகும். அமெரிக்கப் பதிவேட்டில் காதுகேளாத பெயர்ப்பாளருக்கென்றே தனிச் சான்று இருக்கிறது. இந்த வேலைக்கு நம் பதிவேட்டில் ஒரு பெயர் வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் சில குறிகளை விளக்க உதவியாளராக வரலாம், பெயர்ப்பின் பொறுப்பு மட்டும் அவரிடம் இருக்கக்கூடாது.

கோடா என்று அழைக்கப்படும், காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்த கேட்கும் பிள்ளைகளைச் சான்றுமுறை வெளியே தள்ளிவிடும் என்ற கவலையும் நியாயமானது. நடை பழகும் முன்பே சைகை பழகியவர்கள் அவர்கள். பலர் சிறு வயதிலேயே பெற்றோருக்காக வங்கியிலும் மருத்துவமனையிலும் நின்றவர்கள். பட்டயம் இல்லை என்று அவர்களை விலக்கினால் நாட்டின் மிகச் சிறந்த கைகளை இழப்போம். பட்டத்தைக் கட்டாயமாக்கிய நாடுகளில் எழுந்த மனக்குறையும் இதுவே. தேர்வையும் படிப்பையும் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். எந்த வழியில் கற்றாலும் தேர்வுக்கு வரலாம், தேறினால் சான்று. கோடாக்களுக்கும், உடன்பிறந்தோர் காதுகேளாதவராக உள்ளவர்களுக்கும் இந்தியச் சைகைமொழி மையம் தனித் திறன் தேர்வு நடத்தத் தொடங்கியிருப்பது சரியான திசை. தேர்வில் மொழித் திறனோடு நடத்தை நெறியும் இடம்பெற வேண்டும். அப்பாவுக்காகப் பேசிப் பழகிய பிள்ளை, சங்கடமான பதிலை மென்மையாக்கிச் சொல்லும் பாசத்தையும் சேர்த்தே பழகியிருப்பார். நீதிமன்றத்தில் அந்தப் பாசம் சாட்சியத்தைத் திருத்திவிடும்.

சான்றைத் திரும்பப் பெறுவது பற்றி. மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தில் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க வழி இருக்கிறது. அந்த வழியைக் காதுகேளாதவர் பயன்படுத்த வேண்டுமென்றால் புகாரைத் தன் மொழியில், காணொளியாகத் தர முடிய வேண்டும். எழுத்தில்தான் தர வேண்டும் என்றால், எழுத அவருக்கு உதவுபவர் பெரும்பாலும் இன்னொரு பெயர்ப்பாளராகவே இருப்பார். புகாரை நிரூபிப்பது எப்படி? இங்கேதான் சாட்சியச் சட்டம் தன்னை அறியாமல் நமக்கு ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. சைகையையே பதிவுசெய்ய வேண்டும், அதன் பெயர்ப்பை மட்டும் பதிவுசெய்தால் போதாது என்பது தர்ஷன் சிங் தீர்ப்பும் வலியுறுத்திய விதி. அதற்கு அடுத்த ஆண்டே காணொளியைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஒரு கேமரா சாட்சியின் முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டினால் பாதி மொழி சட்டகத்துக்கு வெளியே போய்விடும். இடுப்புக்கு மேல் இரு கைகளும் முகமும் முழுதாகத் தெரிய வேண்டும். இரண்டாவது கேமரா பெயர்ப்பாளர் பக்கம் இருக்க வேண்டும். கேள்வி சாட்சிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அதில்தான் பதிவாகும். பெயர்ப்பாளரின் குரலும் அதே ஒலித்தடத்தில் வேண்டும். இப்படி எடுத்த பதிவை மேல்முறையீட்டில் வேறொரு மேல்நிலைப் பெயர்ப்பாளரும் காதுகேளாத மதிப்பீட்டாளரும் சேர்ந்து பார்த்து, எந்த நிமிடத்தில் எந்தத் தலையசைப்பு 'ஆமாம்' ஆனது என்று சொல்ல முடியும். அதினியத்தின் 125-ஆம் பிரிவைச் செயல்படுத்த உயர் நீதிமன்றங்கள் வகுக்க வேண்டிய நடைமுறை விதிகளில் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்ற இந்தச் சிறிய வரியும், யார் பெயர்ப்பாளர் என்ற பெரிய வரியும் ஒன்றாகவே எழுதப்பட வேண்டும்.